சரிபார்க்க முடியாத ஒரு வாக்கியம்

பக்கத்து ஃபிளாட் அக்காவின் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் அம்மா வேலை முடிந்து வரும்வரை அவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வேலை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். என் கணவர் அதைப் பொழுதுபோக்கு என்பார்.

அன்று அவள் கொண்டுவந்த தாளில் வரிசையாக வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஃபேக்ட் அல்லது ஒபினியன் என்று எழுத வேண்டும்.

"ஆன்ட்டி, 'அஜ்மான் இஸ் பிக்கர் தேன் துபாய்'. இது ஒபினியன்தானே?"

"ஏன்?"

"பிகாஸ் இட்ஸ் ராங்."

"தப்பா இருந்தா ஒபினியன் ஆயிடுமா?"

"மிஸ் சொன்னவ, ஃபேக்ட் எண்டால் ட்ரூ."

அவளுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவள் பிறந்தது இங்கே. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். சில சமயம் மாற்றியும் செய்வாள். அவளுக்குப் புரிகிற மாதிரி நானே ஒரு விதி செய்து கொடுத்தேன். போய்ப் பார்த்தோ அளந்தோ சரிபார்க்க முடியுமா? முடிந்தால் அது ஒரு பக்கம். சொன்ன ஆளின் மனதுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டுமா? அது மறுபக்கம். சரியா தவறா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அஜ்மான் பெரியது என்பது தவறுதான். ஆனால் வரைபடத்தை விரித்து அது தவறு என்று காட்டிவிடலாம். அதனால் அது முதல் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

நான் படித்தது இயற்பியல். புறவயம், அகவயம் என்ற இரண்டு சொற்களைக் கல்லூரியில் முதன்முதலாகக் கேட்ட நாளில் எனக்கு ஏதோ சாவி கிடைத்த மாதிரி இருந்தது. அறை முப்பது டிகிரி என்பது பொய்யாக இருந்தாலும் புறவயமான கூற்று. வெப்பமானி அதைப் பொய் என்று சொல்லிவிடும். புழுக்கமாக இருக்கிறது என்பது முழு உண்மையாக இருந்தாலும் அகவயமானது. வெப்பமானிக்கு அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

"'டேட்ஸ் ஆர் டிலீஷியஸ்'?" என்றாள்.

"உனக்குப் பேரீச்சம்பழம் பிடிக்குமா?"

"யக்."

"அப்ப?"

"ஒபினியன்!" எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, அம்மா சொன்னவ, நீங்கள் வெரி ப்ரௌட் எண்டு. அது ஃபேக்ட்டா ஒபினியனா?"

"அது ஃபேக்ட்தான். எழுதிக்க."

கர்வம் எனக்கு உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். ராமநாதபுரத்துக் கடற்கரையில் எங்கள் ஊர். வாப்பா துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தார். உம்மா இறால் கம்பெனியில் இறால் உரித்தாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. ஒவ்வொரு கட்டத்திலும் என் படிப்பு நின்றுவிடும் போலிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் அதை ஒரே வழியில்தான் காப்பாற்றினேன். எனக்கு ஆசையாக இருக்கிறது என்று வாப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ஆசை எல்லாருக்கும் இருந்தது. அதனால் அதற்கு மதிப்பு இல்லை. "பஸ் பாஸ் இலவசம் வாப்பா" என்பேன். "யூனிஃபார்ம் அவங்களே தர்றாங்க" என்பேன். கல்லூரிக்குப் போகும்போது, "பொம்பளப் புள்ளைங்க காலேஜுதான் வாப்பா, கேட்டுல வாட்ச்மேன் இருக்காரு" என்றேன். வாப்பா பஸ் ஏறிப் போய் அந்தக் கல்லூரி வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "வாட்ச்மேன் இருக்கான்" என்றார். நான் கல்லூரியில் சேர்ந்தேன்.

உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சரிபார்க்கக் கூடியதைச் சொன்னால் கதவு திறக்கும்.

படிப்பு முடிந்ததும் கல்யாணம். கணவர் பத்தாவது வரை படித்தவர். ஷார்ஜாவில் ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கடையில் சேல்ஸ்மேன். நல்ல மனிதர் என்று எழுதலாம். அது அகவயம் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: குரலை உயர்த்தியதில்லை, கை நீட்டியதில்லை, கடையில் நடந்ததை எல்லாம் வந்து சொல்வார். ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே தன் தொழில் ரகசியத்தைச் சொன்னார். "காரணம் சொல்ற கஸ்டமர விடவே கூடாது புள்ள. வெல ஜாஸ்திம்பான், கலரு சரியில்லம்பான். அவன் வாங்கிருவான். 'வேணாம் பாய்'னு மட்டும் சொல்லிட்டு நிக்கிறான் பாரு, அவன்கிட்டதான் ஒண்ணும் பண்ண முடியாது."

வாடகை குறைவு என்று அஜ்மானில் வீடு எடுத்திருந்தார். ஷார்ஜா ரோட்டில் வண்டிகள் நெருக்குவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் திரும்புவார். வீட்டுக்கு ஒரே ஜன்னல். திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி மெஷின்கள் தெரியும். வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டு. எந்த மெஷின் எப்போது நிற்கும், எது அதிர்ந்துகொண்டு ஓடும் என்பது எனக்குத் தெரியும்.

கதவை யாரும் வெளியிலிருந்து பூட்டவில்லை. சாவி உள்ளே ஆணியில்தான் தொங்கும். வந்த வாரத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கீழ சூப்பர் மார்க்கெட் வரைக்கும் போயிக்க. அதுக்கு மேல வேணாம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." அவர் வரும்போது களைத்திருப்பார். நான் ஆணியில் சாவியைப் பார்ப்பேன். பூட்டாத கதவுக்குப் பின்னால் இருப்பதை ஊரில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. என்ன கஷ்டம் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பக்கத்து ஃபிளாட் அக்கா ஷார்ஜா முவைலாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அவர் மகள் படிப்பதும் அங்கேதான். ஒருநாள் மகளை அழைத்துப் போக வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார்.

"எங்கட ஸ்கூல் சயன்ஸ் லேபில உதவிக்கு ஒரு ஆள் வேணுமாம். நீர் பிசிக்ஸ் தானே படிச்சனீர்? உம்மைப் பற்றிச் சொல்லிட்டன்."

"சொல்லிட்டீங்களாக்கா?"

"ஓம். பின்னே என்ன, அந்த ஏசி மெஷினுகளுக்குக் காவல் இருக்கப் போறீரா?" என்று சிரித்தார். "ஒண்டே ஒண்டுதான். நீர் உம்மட மனுசன்ர விசாவில இருக்கிறபடியால், அவரிட்ட ஒரு என்ஓசி வேணும் எண்டு ஸ்கூலில கேக்கினம். 'இவ வேலைக்கு வாறதில எனக்கு ஆட்சேபனை இல்லை' எண்டு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அன்று முழுக்க அந்த ஆய்வுக்கூடம் என் கண்ணிலேயே நின்றது. பார்த்ததில்லை. ஆனால் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் ஒரே வாசனைதான் இருக்கும். முகவைகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைப்பேன். வெப்பமானியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவேன். அது எனக்கு வேண்டும் என்று உடம்பு முழுக்கத் தோன்றியது. அதை மட்டும் கணவரிடம் சொல்லவில்லை.

அவர் வந்து உட்கார்ந்ததும் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். சம்பளம் வரும், வாடகைக்கு உதவும். மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடம்.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "இங்க பொம்பளைங்க தனியா பஸ்ஸுல போறதில்ல புள்ள" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது சரிபார்க்கக் கூடிய விஷயம்.

மறுநாள் அபாயாவை மாட்டிக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, சூப்பர் மார்க்கெட்டைத் தாண்டினேன். பஸ்ஸில் முன்பக்க இருக்கைகள் எல்லாம் பெண்கள். சீருடையில் இரண்டு மலையாள நர்ஸுகள், பிலிப்பைன்ஸ் பெண்கள், மடியில் காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மா. தெரியாமல் முன்னால் உட்கார்ந்துவிட்ட ஒருவரைப் பார்த்து ஓட்டுநர், "பாய், பீச்சே! பீச்சே!" என்று கத்தினார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷார்ஜாவில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தேன். வெயில் காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு போவது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும் என்று கல்லூரிக்குப் பஸ்ஸில் போன நாட்களில் எனக்குத் தெரியாது.

அவர் வந்ததும் சொன்னேன். "மச்சான், பஸ்ஸுல பாதி பொம்பளைங்கதான்."

"போனியா?"

"போனேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு, "உன் டிகிரி இங்க செல்லாது. அட்டஸ்டேஷன் அது இதுன்னு அலையணும்" என்றார்.

இதுவும் சரிபார்க்கக் கூடியது. அக்காவிடம் கேட்டேன். அவர் பள்ளியில் விசாரித்துவிட்டு வந்து, "டிகிரியே தேவையில்லையாம். ப்ளஸ் டூ படிச்சிருந்தாலே காணுமாம்" என்றார். கேட்டதும் முகத்தில் சூடு ஏறியது. வாப்பா பஸ் ஏறிப் போய் வாட்ச்மேனைப் பார்த்து வாங்கித் தந்த பட்டம் அது. இருந்தாலும் ஒரு புள்ளி எனக்குக் கிடைத்துவிட்டது. தலையைத் தூக்கிக்கொண்டு கணவரிடம் போய்ச் சொன்னேன்.

"உம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்றார் அவர்.

மறுநாள் காலையிலேயே மாமிக்குப் போன் போட்டேன்.

"மாமி, நான் வேலைக்குப் போறதுல உங்களுக்கு வருத்தமா?"

"எந்த வேலைக்கு?"

"ஸ்கூல் வேலைக்கு. உங்க மவன், உம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்றாரு."

"என்கிட்ட எப்பக் கேட்டான் அவன்? ஆறு மாசமா என்ன சாப்பிட்டீங்கன்னுகூட கேக்கல." மாமிக்கு மூச்சு வாங்கியது. "ஸ்கூலுன்னா போ. போறப்ப அடுப்ப அணச்சிட்டுப் போ. மறதிக்காரி நீ."

மறதிக்காரி என்பது புறவயமா அகவயமா என்று மாமியோடு விவாதிக்கவில்லை.

இப்போது என் கையில் மூன்றும் இருந்தன. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடித்து வந்து, பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பஸ் இருக்கிறது. பட்டம் தேவையில்லை. மாமிக்குச் சம்மதம். நான் பேசிய விதத்தில் கொஞ்சம் வெற்றியும் இருந்திருக்கும். கல்லூரியில் கருத்தரங்கில் பேசிய மாதிரி.

அவர் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தண்ணீர் குடித்தார்.

"எனக்குப் பிடிக்கல."

"எது?"

"நீ போறது."

"ஏன் மச்சான்?"

"பிடிக்கல. அவ்வளவுதான். கலாஸ்."

குரலில் கோபம் இல்லை. இத்தனை நாளில் அவர் இந்த விஷயத்தில் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்தது. பஸ், பட்டம், உம்மா எல்லாம் வேறு உலகத்து வாக்கியங்கள். போய்ப் பார்த்துவிட்டு வர முடிந்தவை. இதற்கு எங்கே போவது? எந்தப் பஸ்ஸில் ஏறி, யாருக்குப் போன் போட்டு, அவருக்குப் பிடிக்கும் என்று நிரூபிப்பது? அவர் மனதுக்குள் இருப்பதற்கு அவர் ஒருவர்தான் சாட்சி. சாட்சி சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் தெரிந்தது. காரணம் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் அவர் வாங்கக் கூடிய கஸ்டமராக இருந்தார். ஒவ்வொரு காரணத்தையும் உடைத்து உடைத்து, 'வேணாம் பாய்' என்று மட்டும் சொல்கிற ஆளாக அவரை ஆக்கியது நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது.

தட்டுகளை எடுத்துப் போய்க் கழுவினேன். ஜன்னலுக்கு வெளியே மூன்றாவது மாடி மெஷின் அதிர்ந்துகொண்டு ஓடியது.

மூன்று நாள் கழித்து அக்கா கேட்டார்.

"அவர் என்ன சொல்லுறார்?"

"பிடிக்கலைன்னு சொல்றாருக்கா."

"ஓ." அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "பஸ், வெயில் எண்டால் கதைக்கலாம். இதுக்கு என்னத்தைக் கதைக்கிறது? நீர் என்ன சொன்னனீர்?"

"எல்லாத்தையும் சொன்னேன். பஸ் இருக்கு, சம்பளம் வரும், மாமி சரின்னுட்டாங்க..."

"அதெல்லாம் சரி. உமக்கு விருப்பம் எண்டு சொன்னனீரோ?"

நான் குனிந்து பிள்ளையின் புத்தகப் பையை மூடினேன். அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். "ஞாயிறு வரைக்கும் பாப்பினம். பிறகு வேற ஆள் எடுத்திடுவினம்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று இரவு கணவர் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போதே சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு என்றால் எனக்கு மறுபடி காரணங்கள் வந்துவிடும் என்று பயம்.

"மச்சான், எனக்கு வேணும்."

"எது?"

"அந்த வேலை. காரணம் ஒண்ணும் இல்ல. எனக்கு வேணும்."

நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. ஒரு கணம் அவர் முகம் இளகிய மாதிரி இருந்தது. அது என் எண்ணம், அளந்து பார்க்க முடியாது.

"உனக்கு வேணும். எனக்கு வேணாம்" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான புள்ள?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் விதிப்படி அவர் சொல்வது சரி. இரண்டும் ஒரே பக்கம்தான். அவருடையதும் மனம், என்னுடையதும் மனம். ஆனால் அவர் மனதில் ஆட்சேபனை இல்லை என்றால் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். பள்ளிக்கூடம் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும். என் மனதில் இருப்பதை யாரும் எந்தத் தாளிலும் கேட்கவில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்பது அகவயம். யாருடைய பிடித்தம் செல்லும் என்பது புறவயம். அதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

"ஒண்ணு இல்ல" என்றேன். "உங்களுது கையெழுத்து. என்னுது பேச்சு."

அவர் ஷூவுக்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ அங்க டீச்சருங்களோட இங்கிலீஷ்ல பேசிட்டு வருவ. வந்து என்கிட்ட என்ன பேசுவ?"

"இப்ப என்ன பேசுறேனோ அதத்தான்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

சட்டென்று சிரித்துவிட்டார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்ததும் சோறு கேட்டார். போட்டேன். கடையில் ஒருவன் சுவிட்ச் பெட்டியைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்து சண்டை போட்ட கதையைச் சொன்னார். நானும் சிரித்தேன். 'என்கிட்ட என்ன பேசுவ' என்ற அந்த ஒரு கேள்விக்காக அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததால் கோபம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை போனது. அவர் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் அக்காவின் மகள் வந்து, பையை நாற்காலியில் போட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"ஆன்ட்டி, எங்கட ஸ்கூல் லேபுக்கு நியூ மிஸ் வந்திருக்கிறா. ஷீ இஸ் சோ நைஸ்."

"அது ஒபினியன்" என்றேன்.

யோசித்தாள். "ஓகே, நைஸ் இஸ் ஒபினியன். பட் நியூ மிஸ் வந்தது ஃபேக்ட்."

அவளுக்கு நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இது நடந்து அதிக நாள் ஆகவில்லை. உம்மா வாரத்துக்கு ஒருமுறை போன் பேசுவாள். எடுத்ததும் ஒரே கேள்விதான்: "நல்லா இருக்கியாம்மா?" எப்போதும் நான் "நல்லா இருக்கேன் உம்மா" என்பேன். போன வெள்ளிக்கிழமை அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக, சரிபார்க்கக் கூடியவற்றை மட்டும் சொன்னேன். மீன் குழம்பு வைத்திருக்கிறேன். அவருக்கு இன்று விடுமுறை. பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் பரீட்சை வருகிறது. வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் இறால் கம்பெனியின் சத்தம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறாள் போலிருக்கிறது.

"நான் வெயிலையா கேட்டேன்?" என்றாள்.

ஹாலில் அவர் சோபாவில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் சாவி தொங்கியது.

"மாப்ள பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு உம்மா."

"சரி" என்றாள் உம்மா. "அப்ப நாளைக்குக் கூப்பிடு. அவரு கடைக்குப் போனப்பறம் கூப்பிடு."

"கூப்பிடுறேன்" என்றேன்.

கூப்பிட்டேனா இல்லையா என்பது சரிபார்க்கக் கூடியது. அவளிடம் சொன்னது அப்படிப்பட்டதல்ல. அதை இங்கே எழுதப் போவதில்லை.